எலிப்பல்லும் மோர்கன் வீட்டுக் கம்பளமும்

ரெண்டு மாசமா கடையைப் பூட்டி வச்சிருந்தேன். இன்னைக்குத் திறக்க வச்சது பூரி. சாப்பிடற பூரி இல்லைங்க, எங்க வீட்டுப் பூனை. ஒன்றரை வயசு. கண்ணுல படறதை எல்லாம் கடிச்சுப் பார்த்து ருசி சொல்லும் ஜாதி.

நானும் தங்கமணியும் ஆபீஸ் போயிட்டா வீட்டுல அது தனியா இருக்கும். என்ன பண்ணுதோன்னு பார்க்க ஒரு கேமரா வாங்கினோம். ஹால் முழுக்கத் தெரியணும்னா அதை அலமாரி உச்சியில வைக்கணும். பிளக் பாயிண்ட்டோ எதிர்ச் சுவத்துல, சோபாவுக்குப் பின்னாடி. நான் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து, கார்ப்பெட்டுக்கு அடியில ஓட்டி, அலமாரி காலடிக்குக் கொண்டு வந்தேன். அங்கே அடாப்டரைச் சொருகி, அதிலேர்ந்து மூணு மீட்டர் மெல்லிசு யு.எஸ்.பி. வயரை உச்சிக்கு ஏத்தினேன். தரையில ஒரு வயர் கூடக் கண்ணுக்குத் தெரியலை. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கிட்டேன்.

சபாஷ் ரொம்ப நாள் நிக்கலை. தினமும் இருட்டினதும் கேமரா அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு. வை-ஃபையைத் திட்டினோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை, தொங்கற யு.எஸ்.பி. வயர்ல வரிசையா நாலு பல் ஓட்டை. பூரி பக்கத்துலயே உட்கார்ந்து முகம் கழுவிக்கிட்டு இருக்கு.

அதே வாரம் ஃபேன் ரிப்பேருக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஏணி வைக்கக் கார்ப்பெட்டைச் சுருட்டினவர் அப்படியே நின்னுட்டார். எக்ஸ்டென்ஷன் வயர் சோபா கால் பட்ட இடத்துல சப்பையா நசுங்கி இருந்துச்சு. அதுக்கு மேல இருந்த கார்ப்பெட்டின் அடிப்பக்கம் டீக்கறை மாதிரி பழுப்பு.

"சார், இது யார் வுட்ட வயரு?"

"நான்தாண்ணே. பூனை கடிச்சிடக் கூடாதேன்னு மறைச்சு விட்டேன்."

"மறைச்சா பூனை கண்ணுக்கு மட்டுமா சார் மறையுது? உங்க கண்ணுக்கும்தானே மறையுது."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. பூரி கடிச்சது 5 வோல்ட் வயர். அதுலேர்ந்து ஒரு முழம் தள்ளி இருந்தது 230 வோல்ட். எதைக் கடிக்கணும்னு அது கணக்குப் போட்டா கடிச்சுது?

தூக்கம் வராத ராத்திரிகள்ல நான் செய்யற வேலை உங்களுக்குத் தெரியும். பழைய கதையைத் தோண்டறது. வயருக்கு உறை வந்த கதையைத் தோண்டினேன். நான் பண்ண ரெண்டு தப்பும் 140, 175 வருஷத்துக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க பண்ணி, சூடுபட்டு, பாடம் எழுதி வச்ச தப்புகள்!

பட்டு நூல் அறுந்தது

ஆரம்பம் இங்கிலாந்து, 1729. ஸ்டீபன் கிரே என்கிற ஒருத்தர். சாயத் தொழில் பார்த்து ஓய்ந்த மனுஷர். மின்சாரத்தை ஒரு சணல் நூல் வழியாத் தூரமா அனுப்ப முடியுமான்னு தன் நண்பர் கிரான்வில் வீலர் வீட்டில் சோதனை பண்ணிக்கிட்டு இருந்தார். நூலைத் தாங்கிப் பிடிக்கப் பட்டு இழைகளைக் கட்டியிருந்தார்கள். வேலை செய்தது. பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. சரி, அதே அளவு மெல்லிசாப் பித்தளைக் கம்பி கட்டுவோம்னு கட்டினார்கள். மின்சாரம் மறுமுனைக்கு வரவே இல்லை. பித்தளை வழியா ஒழுகிப் போய்விட்டது.

தாங்கற கயிறு எவ்வளவு மெல்லிசு என்பது விஷயமில்லை, எந்தப் பொருள் என்பதுதான் விஷயம்னு அன்றைக்குப் புரிந்தது. கடத்தும் பொருள், கடத்தாத பொருள் என்ற பிரிவினை அங்கேதான் தெளிவாகிறது. வயர்னு நாம சொல்றதுல பாதிதான் செம்பு. மிச்சப் பாதி அந்தப் பட்டு.

முதல் எதிரி எலிதான்

அடுத்த நூறு வருஷத்துக்கு இந்த உறைக்குச் சரியான பொருள் கிடைக்கவில்லை. பட்டு, பருத்தி, தார், அரக்கு எல்லாம் முயன்று பார்த்தார்கள். தண்ணி பட்டால் எதுவும் நிக்கலை.

விடை மலாய் நாட்டுக் காட்டிலிருந்து வந்தது. கட்டாபெர்ச்சா. 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ப் பெயர்தான் அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், ஆறினால் இறுகும். 1843-ல் சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1848-ல் மைக்கேல் ஃபாரடே இது மின்சாரத்தை நன்றாகத் தடுக்கிறது என்று எழுதினார். (ரூட் கெனால் பண்ணிக்கிட்டவங்க வாயில இது இன்னைக்கும் இருக்கும். பல் வேரை அடைக்கப் பயன்படறது இதேதான்.)

ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் ஃபாரடே எழுதறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இதைப் பிடித்துக்கொண்டார். இடியாப்பம் பிழிகிற மாதிரி ஒரு கருவி செய்து, செம்புக் கம்பி மேல மூட்டு இல்லாமல் இதைப் பூசினார். பெர்லினில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் தந்தி லைன் போடும் வேலை அவருக்கு வந்தது. 1848 புரட்சி வருஷம். கம்பம் நட்டால் யாராவது அறுத்து விடுவார்கள் என்ற பயம். அதனால் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் மறைத்துப் புதைத்தார்கள். (மறைச்சுப் புதைச்சாங்க, கவனிங்க!) 1849 மார்ச்சில் ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றம் பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினுக்கு வந்து சேர்ந்தது. ஊரே அசந்து போனது.

அப்புறம் லைன் ஒவ்வொரு இடமாகச் செத்துக்கொண்டே வந்தது. செலவை மிச்சம் பிடிக்கச் சொல்லி, ஒன்றரை இரண்டு அடி ஆழத்தில், மேலே எந்தக் கவசமும் இல்லாமல் புதைத்திருந்தார்கள். ரயில் பாதை வேலையாட்களின் மண்வெட்டி ஒரு பக்கம், எலி, சுண்டெலி, அகழெலி எல்லாம் மறுபக்கம். சீமென்ஸ் தன் வாழ்க்கை நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார். கட்டாபெர்ச்சாவோடு கலந்த கந்தகம் செம்போடு சேர்ந்து கெட்டுப்போனது இன்னொரு தலைவலி. தவறு யாருடையது என்று அவருக்கும் பிரஷ்யத் தந்தித் துறைக்கும் சண்டை. அரசாங்க ஆர்டர்கள் நின்றன. சில வருஷத்தில் புதைத்த லைன்களை விட்டுவிட்டுக் கம்பத்தில் கம்பி கட்டப் போய்விட்டார்கள். கம்பெனி ரஷ்யப் பக்கம் பிழைப்பைத் தேடிப் போனது.

அதாவது, மின்கம்பிக்கு நல்ல உறை வந்த ரெண்டாவது வருஷமே பல் பட்டாச்சு. பூரி ரொம்பப் பழைய பரம்பரையைச் சேர்ந்தது.

இதிலிருந்து வந்த பாடம், உறை வேறு, கவசம் வேறு. உறை மின்சாரத்தை உள்ளே வைக்கும், கவசம் பல்லை வெளியே வைக்கும். கடலுக்கடியிலும் இதே கதைதான். 1850-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கட்டாபெர்ச்சா கேபிளுக்குக் கவசம் கிடையாது. போட்ட உடனேயே போயே போச்சு. 1851-ல் மேலே இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிப் போட்டார்கள், நின்றது. பின்னால் வெப்பக் கடல்களில் கேபிளைத் துளைக்கும் புழுக்களுக்காகப் பித்தளைப் பட்டையும் சுற்ற ஆரம்பித்தார்கள். நம்ம மெட்ராஸில் இருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870-71-ல் போட்ட கேபிளும் அந்தக் கட்டாபெர்ச்சா காலத்துச் சரக்குதான். அந்தப் பாலுக்காக மலாய்க் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து அந்த மரமே அரிதாகிப் போனது தனிச் சோகக் கதை.

கோடீஸ்வரர் வீட்டுக் கம்பளம்

இனி என் ரெண்டாவது தப்புக்கு வருவோம்.

1882, நியூயார்க். எடிசன் கம்பெனியில் பணம் போட்டவர்களில் ஒருத்தர் ஜே. பி. மோர்கன். பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் 1882 செப்டம்பர் 4-ம் தேதிதான் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பே மேடிசன் அவென்யூவில் இருந்த தன் வீட்டுக்கு மோர்கன் மின்விளக்கு போட்டுக்கொண்டார். தோட்டத்துப் பக்கம் லாயத்துக்குக் கீழே ஒரு நீராவி இயந்திரம், ஒரு ஜெனரேட்டர். ராத்திரி 11 மணிக்கு ஆப்பரேட்டர் வீட்டுக்குப் போனால் விளக்கும் போச்சு. இயந்திரச் சத்தம் தாங்கலைன்னு பக்கத்து வீட்டம்மாவிடம் இருந்து புகார் வேறு. (இன்வெர்ட்டர் வர்றதுக்கு முன்னாடி ஜெனரேட்டர் வச்சிருந்தவங்களுக்குப் பழகின கதைதான்.)

அவருடைய நூலக அறை மேஜைக்கு ஒரு விளக்கு வேணும். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் செய்து கொடுத்தார். தரையில் வயர் தெரிந்தால் பணக்கார வீட்டுக்கு அழகாகவா இருக்கும்? அதனால் வயரைக் கம்பளத்துக்கு அடியில் கொண்டு போனார்கள்.

ஒரு ராத்திரி அங்கேதான் தீப்பிடித்தது. மேஜை, கம்பளம் எல்லாம் கருகியது. அடுத்த நாள் ஜான்சன் வந்து பார்த்தபோது, எரிந்த சாமான்கள் அறை நடுவில் குவிந்து கிடந்தன. மோர்கன் வந்து 'என்ன சொல்றீங்க?' என்கிற தோரணையில் நின்றார். ஜான்சன் சாக்கு எதுவும் சொல்லவில்லை. தப்பு மின்சாரத்தோடது இல்லை, நான் வயர் போட்ட விதத்தோடது, சரி பண்ணித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மோர்கனும் சரி என்று விட்டுவிட்டார். மோர்கனின் மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. (இதே ஜான்சன்தான் அதே 1882 டிசம்பரில் உலகத்திலேயே முதல் தடவையா கிறிஸ்துமஸ் மரத்துக்கு மின்விளக்கு போட்டவர். மனுஷர் சளைக்கலை.)

கம்பளத்துக்கு அடியில் ஏன் ஆகாது? மூணு காரணம். ஒண்ணு, 1841-ல் ஜேம்ஸ் ஜூல் சொன்ன விதி. கம்பி வழியா ஓடற கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும். திறந்த வெளியில அந்தச் சூடு காத்தோட போயிடும். கம்பளம் போர்வை மாதிரி அதைப் போக விடாது. ரெண்டு, மேலே நடக்கிற கால், நாற்காலிக் கால், சோபாக் கால். உள்ளே இருக்கிற செம்பு இழைகள் ஒவ்வொண்ணா அறுந்து, மிச்சம் இருக்கற நாலு இழை மொத்தக் கரண்ட்டையும் தூக்கிட்டுப் போகும். அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். மூணாவது, எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது. கெட்டுப்போறது கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1897-ல் முதல் தேசிய மின் விதித் தொகுப்பு வந்தது. நெகிழ் வயரை நிரந்தர வயரிங்குக்குப் பதிலா ஓட்டாதே, சுவருக்குள்ளயும் தரைக்குள்ளயும் மறைக்காதே என்று அந்தத் தொகுப்பு இன்றைக்கும் சொல்கிறது. அந்த வரிக்கு நம்ம ஹாலிலும் அர்த்தம் இருக்கு.

துணி, ரப்பர், பி.வி.சி.

எடிசன் காலத்து வீட்டு வயர் என்ன தெரியுமா? செம்பு மேல பருத்தி நூல், அதன் மேல வெள்ளை ஈயப் பெயின்ட். தீ காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்ட சரக்கு என்பதால் அவர்கள் பெயராலேயே அதை அழைத்தார்கள். தொழிலாளிகள் கிண்டலாக அதைச் 'சவ அடக்கக்காரர் வயர்' என்று மாற்றிச் சொன்னார்கள். ஈரம் பட்டால் அவ்வளவுதான்.

அடுத்து ரப்பர். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தக் கண்டுபிடித்தார். இங்கேயும் அந்தக் கந்தகம் செம்பை அரித்தது. அதனால் செம்புக்கு ஈயம் பூசினார்கள் (பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசற அந்த ஈயம்தான், வெள்ளீயம்). எங்க ஊர் வீட்டுல தேக்குப் பட்டை மேல வரிசையா கிளிப் அடிச்சு, கறுப்பு ரப்பர் வயர் போயிருக்கும். பழைய ஆளுங்க டி.ஆர்.எஸ். வயர்னு சொல்வாங்க. சுவத்துல எங்கேர்ந்து எங்கே போகுதுன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். வெள்ளையடிக்க வர்றவர் அதைத் தொடாமல் அடிப்பார். அசிங்கம்னு எல்லாத்தையும் சுவருக்குள்ள தள்ளினோம். அசிங்கமா இருந்தாலும் எது வெடிச்சிருக்கு, எது காஞ்சிருக்குன்னு அண்ணாந்து பார்த்தாலே தெரியும். அந்த வசதி போச்சு.

1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர், உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்த பி.வி.சி.யை ஒரு திரவத்தோடு சூடாக்கிக் குழைத்து ரப்பர் மாதிரி வளைய வைத்தார். இரண்டாம் உலகப்போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்ததும் வயர் உறைகள் மெல்ல மெல்ல இதற்கு மாறின. இன்னைக்கு நம்ம வீட்டு வயர் பெரும்பாலும் இதுதான். சாதாரண பி.வி.சி. உறை தாங்கும் சூடு 70 டிகிரி செல்சியஸ். அதுக்கு மேல இளகும். வயசானால் அந்தக் குழைக்கும் திரவம் வெளியேறி உறை விறைச்சு வெடிக்கும். புதுசா மெத்துனு இருக்கும்போதோ, பூனைப்பல்லுக்குச் சூயிங்கம்!

வேவு பார்க்கும் பெட்டிகள்

கேமராவோட வம்சம் வேற பாதையில வந்துச்சு. 1932-ல் விமானி லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்தப்பட்டு இறந்தது அமெரிக்கப் பெற்றோரை உலுக்கியது. 1937-ல் ஜெனித் கம்பெனி 'ரேடியோ நர்ஸ்' என்று ஒரு பெட்டி கொண்டு வந்தது. இசாமு நொகுச்சி என்ற சிற்பி வடிவமைத்தது. தொட்டில் பக்கம் ஒரு மைக், பெற்றோர் அறையில் ஒரு ஒலிபெருக்கி. நடுவில் சத்தம் எதன் வழியாப் போச்சு தெரியுமா? வீட்டுக் கரண்ட் வயர் வழியாவே! தனி வயர் கிடையாது.

1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில் காபி இருக்கா தீர்ந்துபோச்சா என்று பார்க்க ஒரு கேமராவைக் காபிப் பாத்திரத்துக்கு எதிரே வைத்தார்கள். உலகத்தின் முதல் வெப்கேம் அதுதான். 1993-ல் இணையத்துக்கு வந்து, 2001 ஆகஸ்டில் ஓய்ந்தது. 1994-ல் நெட்ஸ்கேப் அலுவலக மீன் தொட்டிக்கு லூ மான்டுல்லி ஒரு கேமரா வைத்தார். செல்லப் பிராணிக் கேமராவின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். மீன் வயரைக் கடிக்காது என்பது அவர் அதிர்ஷ்டம்.

ஆனா பார்த்துக்கறதுக்கு வச்ச பெட்டியே பாதகமாவதும் நடந்திருக்கு. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் குழந்தைக் கண்காணிப்புக் கேமராக்களுக்கு எச்சரிக்கையோடு திரும்ப அழைப்பு வந்தது. தொட்டில் பக்கம் தொங்கின வயர் கழுத்தில் சுற்றி ரெண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். கரண்ட்டால் இல்லை, வெறும் வயரால். தொட்டிலில் இருந்து மூணு அடிக்குள் எந்த வயரும் கூடாது என்பது அதற்கப்புறம் எல்லாரும் சொல்லும் விதி. பூனைக்குட்டிக்கும் அது பொருந்தும். தொங்கற வயர் அதுக்கு விளையாட்டு, சுருக்கு விழுந்தா வினை.

ஹாலுக்குள் ஒரு பேர்ல் தெரு

இப்போ அந்த இருட்டு நேர மர்மம்.

எடிசனின் மின்சாரம் சுமார் 110 வோல்ட். அதை ஒரு மைலுக்கு மேல் அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. வோல்ட் குறைவாக இருந்தால், அதே வேலைக்குக் கரண்ட் அதிகம் வேணும். கரண்ட் அதிகம்னா வழியிலேயே இழப்பு அதிகம். இழப்பைக் குறைக்கணும்னா தடிமனான செம்பு வேணும், செம்பு விலை ஜாஸ்தி. அதனால்தான் பின்னாளில் உயர் வோல்ட் ஏ.சி. ஜெயித்தது.

1996-ல் யு.எஸ்.பி. வந்தது, 5 வோல்ட்டில். அதாவது எடிசன் மாட்டிக்கிட்ட அதே இடத்துல, இன்னும் இருபது மடங்கு கீழே போய் நாம நிக்கறோம். என் மூணு மீட்டர் வயர்தான் என் பேர்ல் தெரு.

கணக்கைப் பாருங்க. வயரோட உடம்புல பொடி எழுத்துல ஏ.டபிள்யூ.ஜி.ன்னு போட்டு ஒரு எண் இருக்கும். 1857-ல் வந்த அமெரிக்க அளவு. எண் கூடினா கம்பி மெல்லிசு, நேர்மாறா. ரெண்டு எண் இருந்தா, '2சி'ன்னு போட்ட பக்கம் உள்ள எண்தான் கரண்ட் போற கம்பி. மூணு மீட்டர் வயர்னா கரண்ட் போய்த் திரும்ப ஆறு மீட்டர். ஒரு ஆம்பியர் ஓடினா,

28-ம் எண் கம்பி: சுமார் 1.3 வோல்ட் வழியிலேயே காலி. கேமராவுக்கு மிஞ்சறது 3.7 வோல்ட்.

24-ம் எண்: அரை வோல்ட் காலி. மிச்சம் 4.5.

20-ம் எண்: 0.2 வோல்ட்தான் காலி. மிச்சம் 4.8.

என்னோடது 28. பகல்ல கேமரா கம்மியாச் சாப்பிடும், ஓடிடும். இருட்டினா அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கரண்ட் கூடும், வோல்ட் விழும், கேமரா மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கும். பாவம் வை-ஃபை, ஒரு மாசம் வீணாத் திட்டு வாங்கிச்சு.

ட்ரிப் ஆகாத ஒரு ஆபத்து

'வீட்டுல ட்ரிப்பர் இருக்கே, அப்புறம் என்ன?' என்று நானும் நினைச்சேன். 1961-ல் கலிபோர்னியாவில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், மனுஷ உடம்பு எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்து, கசிவைப் பிடித்து வெட்டும் கருவி ஒன்றைச் செய்தார். நம்ம வீட்டு ஆர்.சி.சி.பி. அந்தக் குடும்பம்தான். பொதுவா 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் வெட்டும்.

ஆனா அது பார்க்கறது போன கரண்ட்டும் திரும்பின கரண்ட்டும் சமமான்னு மட்டும்தான். பூனை வயரைக் குறுக்கே கடிச்சு, ஒரு பல் ஃபேஸ்லயும் ஒரு பல் நியூட்ரல்லயும் பட்டா, கரண்ட் அதன் வாய் வழியா ஒழுங்காத் திரும்பிடும். தரைக்குக் கசிவு கம்மி. கருவிக்கு அது ஒரு சின்ன பல்பு மாதிரிதான் தெரியும். வெட்டாமலே போகலாம். எம்.சி.பி. பத்திக் கேட்கவே வேணாம், அது 6 ஆம்பியர், 16 ஆம்பியர்னு பெரிய கணக்கு. பிரிட்டனில் 1947-ல் வந்த சதுரக் கால் பிளக்குக்குள்ள சின்ன ஃப்யூஸ் இருக்கும். நம்மது அதுக்கு முந்தின 1934 பிரிட்டிஷ் உருண்டைக் கால் பிளக்கின் வாரிசு. உள்ள ஃப்யூஸ் கிடையாது.

எங்க கால்நடை டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. கரண்ட் வயரைக் கடிச்ச பிராணிக்கு வாய்ப்புண்ணு மட்டும்தான்னு நினைக்காதீங்க. சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம். அதனால முதல்ல சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கணும். அதுக்கு முன்னாடி பிராணியைத் தொடக் கூடாது. பார்க்க நல்லா இருந்தாலும் அன்னைக்கே காட்டணும்.

இப்போ எங்க வீட்டில்

எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் சேர்ந்து பண்ணது இது.

எக்ஸ்டென்ஷன் வயர் குப்பைக்குப் போச்சு. கேமராவை அலமாரியிலேர்ந்து எடுத்து, பிளக் பாயிண்ட் இருக்கிற சுவத்துக்கே மாத்தினோம். சோபா பின்னாடி பூரி போக முடியாதபடி தள்ளியாச்சு. 230 வோல்ட் இப்போ சுவத்து சாக்கெட்டோட முடியுது. அடாப்டர் நேரா அதுல. தரையில ஓடறது எதுவும் இல்லை.

அடாப்டர் புதுசு. பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் பார்த்து வாங்கினது. 230-க்கும் 5-க்கும் நடுவுல இருக்கிற வேலி அந்தச் சின்ன டப்பாதான். மலிவு டப்பாவுல அந்த வேலி ஓட்டையா இருந்தா, 5 வோல்ட்னு நம்பற வயர்லயே 230 வந்து நிக்கும்.

வயர் ரெண்டு மீட்டர், கரண்ட் கம்பி 22-ம் எண். சுவத்து மேல பிளாஸ்டிக் கேசிங்-கேப்பிங் அடிச்சு அதுக்குள்ள. அண்ணன் அதை அடிக்கும்போது ஊர் வீட்டுத் தேக்குப் பட்டை ஞாபகம் வந்துச்சு. உறை உள்ளே, கவசம் வெளியே. சீமென்ஸ் பார்த்தா சந்தோஷப்படுவார். கேமரா பக்கம் வெளியே தெரியற ஒரு சாண் வயருக்குச் சுருள் உறை. சுருக்கு விழற மாதிரி எதுவும் தொங்கலை.

மாசம் முதல் ஞாயிறு அடாப்டரைத் தொட்டுப் பார்க்கறேன், வயரைத் தடவிப் பார்க்கறேன். கேசிங் வெள்ளைச் சுவத்துல நேர்கோடா நல்லாவே தெரியுது. தங்கமணிக்கு அது பிடிக்கலை. "என்னங்க, வந்தவங்க எல்லாம் கேட்கறாங்க, பெயின்டாவது அடிக்கக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. மோர்கன் வீட்டுக் கதையைச் சொன்னேன். "சரி சரி, இருக்கட்டும்"னுட்டாங்க.

எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து போன்ல பார்த்தேன். பூரி கேசிங் ஓரத்தை ஒரு தடவை முகர்ந்துச்சு. ஒரு கடி கடிச்சுப் பார்த்துச்சு. பல்லு நிக்கலை. போய்க் கார்ப்பெட் மேல படுத்துத் தூங்கிடுச்சு. அடியில இப்போ ஒண்ணும் இல்லை.

கொசுறு: இதைப் படிச்சிட்டு எழுந்து போய் உங்க வீட்டுக் கார்ப்பெட், மெத்தை, சோபா அடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துடுங்க. பூனை இல்லாத வீடா இருந்தாலும்தான்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லை, வயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில விட்டவன். வீட்டு வயரிங்குல கை வைக்கணும்னா லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க.